புதிய கைபேசிக்குக் கடையில் டெம்பர் ஒட்டும்போது கீறல் விழாமல் காத்துக்கொள்வது எப்படி?

சேலத்தில் ஐந்து ரோடு, புதிய பேருந்து நிலையம், சாரதா கல்லூரி சாலை, அஸ்தம்பட்டி என்று எந்தப் பகுதியில் கைபேசி வாங்கினாலும், பில் போட்டு முடித்தவுடன் வரும் கேள்வி ஒன்றுதான்: "டெம்பர் ஒட்டிடலாங்களா?" டெம்பர் என்பது திரையைக் காக்க அதன்மேல் ஒட்டும் மெல்லிய கண்ணாடி. நாமும் யோசிக்காமல் தலையசைத்துவிடுகிறோம். ஆத்தூரிலிருந்தோ எடப்பாடியிலிருந்தோ ஏற்காட்டிலிருந்தோ பேருந்தேறி வந்தவர்களுக்கு, இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொள்கிறது. அந்தச் சில நிமிட வேலையில், இருபதாயிரமோ முப்பதாயிரமோ கொடுத்து வாங்கிய பொருளின் விளிம்பிலோ கேமரா வளையத்திலோ திரையிலோ ஒரு கீறல் விழுந்துவிட்டால், அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய வழியே இல்லை. தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் உற்பத்திக் குறைபாடுகளுக்கானது. கீறல், நசுங்கல் போன்ற வெளித்தோற்றச் சேதங்களை அது பொதுவாக ஏற்பதில்லை. கடைக்காரரோ, "பெட்டியிலேயே அப்படித்தான் வந்திருக்கும்" என்று சொல்லிவிட முடியும். அவர் சொல்வது தவறு என்று காட்ட நம்மிடம் எதுவும் இல்லாமல் போவதுதான் இதில் உள்ள உண்மையான இழப்பு. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே முறையை வலியுறுத்துகிறது: முதலில் பார்த்து முடிப்பது, அதன் பிறகே ஒட்ட அனுமதிப்பது.

கீறல் எங்கிருந்து வருகிறது

ஒட்டுகிற கண்ணாடி கீறலை உண்டாக்குவதில்லை. அதற்கு முன் நடக்கும் துடைப்பிலும், தொழிற்சாலையிலேயே திரைமேல் ஒட்டி வரும் உறையை உரிப்பதிலும், கைபேசியைக் குப்புறக் கவிழ்ப்பதிலும்தான் கீறல் விழுகிறது. கனிமங்களின் கடினத்தன்மையை ஒப்பிட ஃபிரெட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த, 1 முதல் 10 வரையிலான அளவுகோலில் கைபேசித் திரைக் கண்ணாடி ஏறக்குறைய 6-ஐ ஒட்டி நிற்கிறது. சாலைத் தூசியிலும் கட்டட மணலிலும் கலந்திருக்கும் குவார்ட்ஸ் 7 என்ற இடத்தில் இருப்பதால் அது கண்ணாடியைக் கீறும். சேலத்தைச் சுற்றி வெட்டியெடுக்கப்படும் வெள்ளைக்கல்லான மேக்னசைட் 4-ஐ ஒட்டியதுதான். அதன் வெள்ளைத் தூள் திரையை அழுக்காக்குமே தவிர, கண்ணாடியைக் கீறாது. கண்ணுக்கே தெரியாத மணல் துகள்தான் அஞ்ச வேண்டியது. ஒரே துணியால் காலை முதல் மாலை வரை வருகிற கைபேசிகளையெல்லாம் துடைக்கும் மேசையில், அந்தத் துணி மணல் துகள்களைச் சேர்த்து வைத்துக்கொண்டே போகிறது. மேலும் கீழுமாக நான்கு முறை அழுத்தித் தேய்த்தால், துணியோடு துகளும் சேர்ந்து கண்ணாடிமேல் ஓடுகிறது.

கட்டர் பிளேடின் கதை வேறு. எஃகு பிளேடு நல்ல திரைக் கண்ணாடியில் அவ்வளவு எளிதில் கோடு போட்டுவிடாது. ஆனால் திரையைச் சுற்றியுள்ள அலுமினியச் சட்டத்தையும் பிளாஸ்டிக் விளிம்பையும் ஒரே இழுப்பில் கீறிவிடும். நிறமேற்றிய அலுமினியச் சட்டத்தில் அந்த நிறம், உலோகத்தின் மேல் வளர்க்கப்பட்ட மிக மெல்லிய ஆக்சைடு படலத்தில்தான் இருக்கிறது. படலம் பெயர்ந்த இடத்தில் அடியிலுள்ள உலோகம் வெள்ளையாகப் பளிச்சிடும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறக் கைபேசிகளில் இது தூரத்திலிருந்தே தெரியும். 2012-இல் ஐஃபோன் 5 வெளிவந்தபோது கறுப்பு வகையின் விளிம்புகளில் உள்ளிருந்த உலோகம் தெரிகிறது என்று வாங்கியவர்கள் புகார் சொன்னது இதைப் பற்றித்தான். இப்படிப் பெயர்ந்த இடத்தை அடையாளம் தெரியாமல் திரும்ப நிரப்பும் முறை எதுவும் கடைகளில் கிடையாது.

மூன்றாவது காரணம், கைபேசி கிடக்கும் இடம். இன்றைய கைபேசிகளில் கேமராப் பகுதி பின்புறத்தில் துருத்திக்கொண்டு நிற்கிறது. திரையை மேலே பார்க்க வைத்து, கண்ணாடி மேசைமேல் அப்படியே கிடத்தி, குமிழிகளைத் தள்ளுவதற்காக மேலிருந்து அழுத்தும்போது, அந்த அழுத்தத்தின் பெரும்பகுதி கேமரா வளையத்தின் ஓரத்தில்தான் இறங்குகிறது. அடியில் மணல் துகள் ஒன்று இருந்து, கைபேசி சற்றே நகர்ந்தாலும், வளையத்தில் அரைவட்டமாக ஒரு கோடு விழும். வாங்குகிறவர்கள் திரையையே பார்த்துக்கொண்டிருப்பதால் இதைக் கவனிப்பதே இல்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். டெம்பர் உறைகளின்மேல் அச்சிடப்படும் 9ஹெச் என்ற குறி மேற்சொன்ன மோஸ் அளவுகோலைச் சேர்ந்தது அன்று. அது பென்சில் கூரால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. வைரத்துக்கு அடுத்த கடினம் என்று யாராவது விளக்கினால் நம்பி அதிக விலை கொடுக்க வேண்டாம்.

சீல் பிரித்தவுடன் செய்ய வேண்டியது

பெட்டியைக் கடை ஊழியர் பிரிக்கும்போதே உங்கள் பழைய கைபேசியிலோ உடன் வந்தவர் கைபேசியிலோ காணொளி எடுக்கத் தொடங்குங்கள். பெட்டியின் சீல், பெட்டிமேல் உள்ள ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாள எண்), கைபேசியை இயக்கி *#06# அழுத்தினால் திரையில் தோன்றும் எண், பில்லில் உள்ள எண் ஆகியவை ஒரே காணொளியில் தொடர்ச்சியாக வர வேண்டும். இதைச் சண்டைக்கான ஆயத்தமாக யாரும் நினைக்கத் தேவையில்லை. இப்போது பலரும் எடுக்கிறார்கள்; நல்ல கடைக்காரர்கள் தாங்களே கைபேசியைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள்.

பிறகு ஒட்டும் மேசைக்குப் போவதற்கு முன், கைபேசியை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். "தம்பி, ஒட்டறதுக்கு முன்னால ஒரு தடவை நல்லா பாத்துக்கறனுங்க" என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்குகிறவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து மெருகு பார்ப்பது போலவே இதையும் பார்க்க வேண்டும். நேராக மேலிருந்து விழும் வெளிச்சத்தில் மெல்லிய கீறல் தெரியாது. திரையை அணைத்துக் கறுப்பாக்கி, இன்னொரு கைபேசியின் டார்ச்சைப் பக்கவாட்டில், திரைக்கு ஏறக்குறைய இணையாகத் தாழ்த்திப் பிடித்து, கைபேசியை மெதுவாகச் சாய்த்தால் தலைமுடி அளவு கோடும் மின்னும். கோடு போலத் தெரிவதன்மேல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள்: நகம் மாட்டினால் கண்ணாடியிலேயே கீறல் இருக்கிறது என்று பொருள், வழுக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் மேலுள்ள பிளாஸ்டிக் உறையின் சுருக்கமாகவோ துடைப்புத் தடமாகவோ இருக்கும். திரைக்குப் பிறகு நான்கு மூலைகள், சார்ஜர் துளையின் வாய், பொத்தான்களின் ஓரம், கேமரா வளையம், பின்பக்கம் என்று வரிசையாகப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால், "எல்லாம் சுத்தமா இருக்குங்க" என்று ஊழியர் காதில் விழும்படி, காணொளி ஓடிக்கொண்டிருக்கும்போதே சொல்லுங்கள். பின்னால் ஒரு பிரச்சினை வந்தால், ஒட்டுவதற்கு முன் கைபேசி எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட வலுவான சான்று கிடைக்காது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் அண்ணி ஒரு கடையில் கைபேசி வாங்கி, டெம்பரும் பவுச்சும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, பவுச்சைக் கழற்றியபோது இடது கீழ் மூலையில் அரைநகம் நீளத்துக்கு வெள்ளைக் கோடு ஒன்று இருந்தது. உறையை நெம்பிய பிளேடின் தடம் என்று பார்த்தவர்கள் எல்லாருக்கும் புரிந்தது. மறுநாள் கடையில் கேட்டபோது, வீட்டில் விழுந்திருக்கலாமே என்றார்கள். அதற்கு மறுமொழி சொல்ல அவரிடம் ஒரு படம்கூட இல்லை.

இந்தச் சோதனையின்போதே இன்னொரு கேள்விக்கும் விடை தேடுங்கள்: திரையில் ஏற்கெனவே தொழிற்சாலையில் ஒட்டிய மெல்லிய உறை இருக்கிறதா? பல நிறுவனங்களின் கைபேசிகள் அப்படித்தான் வருகின்றன. முன்கேமரா துளையைச் சுற்றியோ விளிம்பிலோ ஒரு மெல்லிய படிக்கட்டு போலக் கையில் தட்டுப்பட்டால் உறை இருக்கிறது. இருந்தால், அன்றைக்கே டெம்பர் ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. அந்த உறை சில வாரங்களுக்காவது தாங்கும். அதை உரிக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, டெம்பரைப் பிரிக்காத நிலையில் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். இலவசமாகத் தரும் டெம்பரையும் அப்படியே கேட்டு வாங்கலாம். மடிக்கும் கைபேசியாக இருந்தால் பேச்சுக்கே இடமில்லை: சாம்சங் தன் மடிப்புக் கைபேசிகளின் உள்திரை உறையைப் பயனர் உரிக்கக் கூடாது என்றே சொல்கிறது, அதை மாற்றும் வேலை சேவை மையத்துக்கு உரியது.

ஒட்ட விடுவதானால்

மேசையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சாலையைப் பார்த்த வாசல் மேசையில், பேருந்து கிளப்பும் தூசியும் தலைக்குமேல் சுழலும் மின்விசிறியும் சேர்ந்திருக்கும் இடத்தில் ஒட்டக் கொடுக்காதீர்கள். உள்பக்க மேசையைக் கேளுங்கள். விசிறியை இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். கைபேசியின் கீழே மென்மையான விரிப்போ, அது இல்லையென்றால் கைபேசிப் பெட்டியின் மூடியோ இருக்கட்டும். ஒட்டுகிறவர் கையில் மோதிரமோ உலோகப் பட்டை கொண்ட கடிகாரமோ இருந்தால் கழற்றச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. பணிவாகக் கேட்டால் போதும்.

துடைப்பின் வரிசைதான் உயிர்நாடி. முதலில் காற்று ஊதும் பம்பாலோ ஒட்டும் தாளாலோ தூசியை எடுக்க வேண்டும், பிறகு ஈரத்துணி, அதன் பிறகு உலர்துணி, கடைசியில் மீண்டும் ஒட்டும் தாளால் மிச்சத் துகளை எடுக்க வேண்டும். முதல் வேலையாக உலர்துணியை எடுத்து அழுத்தித் தேய்க்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். டெம்பர் பெட்டிக்குள் ஈரத்துணியும் உலர்துணியும் தனித்தனி உறையில் புதிதாக இருக்கும். மேசைமேல் கிடக்கும் பொதுத்துணியை விட்டுவிட்டு அவற்றைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஈரத்துணியில் இருப்பது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் துணியால் மெதுவாகத் துடைக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2020 முதல் சொல்லிவருகிறது. கடையில் பொது பாட்டிலில் வைத்திருக்கும் தின்னரையோ பெட்ரோலையோ திரையில் ஊற்ற விடாதீர்கள். விரல்தடம் படியாமல் காக்கும் மேற்பூச்சு அதில் கெட்டுப்போகலாம்.

உறையை உரிக்க வேண்டி வந்தால் பிளேடு வேண்டாம். மூலையில் ஒரு துண்டு செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி மேல்நோக்கி இழுத்தால் உறை எழும்பி வந்துவிடும். வரவில்லையென்றால் நகமோ பிளாஸ்டிக் அட்டையோ போதும். இயந்திரத்தில் அளவாக வெட்டித் தரும் ஹைட்ரஜெல் உறையில் ஓரம் நீண்டிருந்தால், கைபேசிமேல் ஒட்டிய நிலையிலேயே பிளேடால் நறுக்கிச் சரிசெய்யும் பழக்கம் சில இடங்களில் உண்டு. சட்டத்துக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. அளவு தவறிய உறையை வீசிவிட்டு வேறொன்று வெட்டச் சொல்லுங்கள். அதற்கு ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் நட்டமில்லை.

இதே மேசையில் சிம் போடும் வேலையும் நடக்கும். சிம் தட்டின் துளையை விட்டு, பக்கத்திலுள்ள மைக் துளைக்குள் ஊசியைக் குத்திவிடுவது நடக்கக்கூடியது; அந்த வேலையை நீங்களே செய்துகொள்ளுங்கள். உலோக வளையம் கொண்ட கேமரா காப்பானையும் முதல் நாளே வாங்க வேண்டாம். கழற்றும்போது பசை லென்ஸ் கண்ணாடியில் தங்கிவிடுவதும், நெம்பிய இடத்தில் தடம் விழுவதும் வழக்கம்.

யுவி டெம்பர்

வளைந்த திரை உள்ள கைபேசிகளுக்குத் திரவப் பசை ஊற்றி, புற ஊதா விளக்கில் காட்டி இறுகச் செய்யும் யுவி டெம்பரைப் பரிந்துரைப்பார்கள். ஒட்டியபின் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இறுகும் முன் அந்தத் திரவம் எங்கே வழி இருக்கிறதோ அங்கே ஓடும்: காதருகே உள்ள ஒலிபெருக்கி வலை, பொத்தான் இடுக்கு, சிம் தட்டின் ஓரம். உள்ளே போய் இறுகிய பசையை எடுக்கக் கைபேசியைப் பிரிக்க வேண்டும். அந்தச் சேதத்தை உத்தரவாதத்தில் ஏற்க மறுக்கலாம் என்பதால், வளைந்த திரைக்கு ஓரம் வரை வராத மெல்லிய உறையே போதும் என்பது என் உறுதியான கருத்து. அதையும் மீறி யுவி வேண்டுமென்றால், துளைகள் எல்லாவற்றையும் டேப் போட்டு மூடிய பிறகே பசையை ஊற்ற விடுங்கள். பசை ஊற்றிய நொடியிலிருந்து கைபேசியைத் தட்டையாகவே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

திரைக்குள் விரல்ரேகை உணரி உள்ள கைபேசியானால், எதை ஒட்டினாலும் ரேகைகளை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிய வேண்டும். 2019-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்10 கைபேசியில் சிலிகான் உறை ஒன்றைப் போட்டபோது பதியாத விரலுக்கும் பூட்டு திறந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் நிறுவனம் மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. உணரிக்கும் விரலுக்கும் நடுவில் எது வந்தாலும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு அது போதிய காரணம்.

வீட்டில் ஒட்டுவது

எனக்குப் பிடித்த வழி இதுதான். கைபேசி வாங்கும் வேலையையும் டெம்பர் ஒட்டும் வேலையையும் ஒரே நாளில் கலக்காமல் இருந்தாலே பாதிக் கவலை தீர்ந்துவிடும். இரவில், விசிறியை அணைத்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, துவைத்து உலர்ந்த துண்டை மேசையில் விரித்து உட்காருங்கள். நிலையாகப் பிடிக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு வரும் டெம்பரை வாங்கினால் குறி தவறாது. ஏற்காட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: பனிமூட்டமான காலையில் குளிர்ந்து கிடக்கும் கண்ணாடிமேல் ஈரம் படியும், அந்த ஈரத்தின்மேல் ஒட்டினால் பசை சரியாகப் பிடிக்காமல் ஓரத்தில் குமிழி நிற்கும். கைபேசியும் டெம்பரும் அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருந்து, நண்பகலில் ஒட்டுங்கள். குமிழியைத் தள்ளத் துணி சுற்றிய அட்டையைப் பயன்படுத்துங்கள்; நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். துகளால் நிற்கும் குமிழி தள்ளினால் போகாது. டேப்பால் ஒரு மூலையைத் தூக்கித் துகளை எடுத்தால்தான் போகும்.

கடையில் சேதம் ஆகிவிட்டால்

கடையை விட்டு வெளியே வராதீர்கள். ஒட்டி முடித்தவுடன் பவுச் போட விடாமல், முன்பு பார்த்த அதே வரிசையில் மீண்டும் பாருங்கள். கீறல் தெரிந்தால், மேசையும் கடையின் உட்புறமும் படத்தில் விழும்படி உடனே படம் எடுங்கள். "பவுச் போட்டா தெரியாதுங்க" என்ற சமாதானத்தை ஏற்க வேண்டாம். பேஸ்டோ பாலிஷோ போட்டுத் தேய்த்துக் காட்டுகிறேன் என்றால் கண்டிப்பாகத் தடுங்கள். கீறல் போகாது, சுற்றியுள்ள மேற்பூச்சுதான் போகும், சான்றும் கலைந்துவிடும்.

ஒட்டிய இளைஞரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. சில ஆயிரங்களே சம்பளம் வாங்கும் அவர் தலையில் முழுச் சேதத்தையும் கட்டுவது நியாயமும் இல்லை. அவருக்குச் சுத்தமான துணியும் நல்ல மேசையும் தர வேண்டியது கடை உரிமையாளரின் பொறுப்பு. ஆகவே பேச்சை உரிமையாளரிடமே வையுங்கள். கேட்கத் தக்கவை மூன்று: வேறு புதிய கைபேசி, அல்லது அதிகாரபூர்வ சேவை மையத்தில் அந்தப் பாகத்தை மாற்றும் செலவு, அல்லது விலையில் நியாயமான குறைப்பு. முதலாவதைத் தர முடியாதபோது இரண்டாவதற்குச் சம்மதிக்கும் கடைகள் உண்டு. எதை ஒப்புக்கொண்டாலும் பில்லின் பின்புறத்தில் தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தவணையில் வாங்கிய கைபேசி மாற்றப்பட்டால், பில்லில் மட்டுமல்லாமல் கடன் கொடுத்த நிறுவனத்தின் பதிவிலும் ஐ.எம்.இ.ஐ. எண் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடை மறுத்தால் சட்டம் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு நுட்பத்தை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, கட்டணமின்றிச் செய்யப்படும் சேவையைத் தன் வரையறையிலிருந்து விலக்குகிறது. "இலவசமாகத்தானே ஒட்டிக் கொடுத்தோம்" என்று கடைத் தரப்பு வாதிட இது இடம் தரலாம். கைபேசியின் விலையோடு சேர்ந்து வந்த சேவை என்று நாம் எதிர்வாதம் செய்யலாம்தான். ஆனால் டெம்பரும் ஒட்டும் கூலியும் பில்லில் தனி வரியாக, நூறு ரூபாயாக இருந்தாலும், பதிவாகியிருந்தால் அந்த வாதத்துக்கே இடமிருக்காது. ஆகவே இலவசத்தைவிடப் பில்லில் எழுதிய நூறு ரூபாய் மேல். பில் தர மறுப்பதையே அச்சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்று குறிக்கிறது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். சில வேளைகளில் அங்கிருந்து செல்லும் அறிவிப்பே கடையைப் பேச வைத்துவிடும். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடலாம். கடை இருக்கும் ஊரில்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை: தர்மபுரியிலிருந்தோ நாமக்கல்லிலிருந்தோ சேலம் வந்து வாங்கியவர், தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனு கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. மனுவோடு பில், சீல் பிரித்த காணொளி, ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், சேவை மையம் எழுதித் தந்த செலவு மதிப்பீடு, கடைக்கு நீங்கள் அனுப்பிய கடிதத்தின் நகல் ஆகியவற்றை இணைக்க வேண்டும்.